விருந்துக்கு வந்த நிழல்

ஓலைக்கோணத்துக் குளக்கரையில் நின்ற பெரிய அயனி மரத்தை வெட்டிச் சாய்த்த அன்று மரம் சாய்ந்த இடத்திலேயே கிடந்தது, அதன் நிழல் மட்டும் எழுந்து தவசிலிங்கத்தின் வீட்டுக்குள் போய்விட்டது. இதை அந்த ஊரில் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் போனதை எல்லோரும் பார்த்தார்கள். வடம் பிடித்தவர்களும் கோடரி போட்டவர்களும் சும்மா வாய் பார்க்க வந்தவர்களும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற நேரத்தில், மரம் போன பிறகும் போகாமல் கரை முழுக்கப் படுத்துக் கிடந்த அந்தக் கறுப்பு, ஈரத் துணியைத் தரையில் இழுத்துக்கொண்டு போவதுபோல மெல்ல நகர்ந்து, மேட்டில் ஏறி, நல்லமிளகுக் கொடி படர்ந்த வேலியைத் தாண்டி, திறந்து கிடந்த வாசலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நுழைந்தது. அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த தவசிலிங்கத்தின் மனைவி தாணம்மைக்கு, வீடு திடீரென்று இருட்டியதும் மழைதான் நினைவுக்கு வந்தது, காயப்போட்ட துணியை எடுக்க ஓடினாள். முற்றத்தில் பாதிக்குமேல் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, வானத்தில் ஒரு மேகம் கிடையாது.

திரும்பிப் பார்த்தபோது, வாசலுக்கு நேர் எதிரே இருந்த முன்னறைச் சுவரில் அடிமரத்தின் நிழல் தடியாக எழுந்து நின்றது. கிளைகள் ஓட்டுக்குக் கீழே மச்சுப் பலகை முழுக்கப் பரவி, ஓட்டின் இடுக்கு வழியாக வெளியேறி, கூரைமேலும் முற்றத்தின் ஒரு பக்கத்திலும் இலை இலையாகப் படர்ந்து கிடந்தன. விளக்கை ஏற்றிக்கொண்டு போனால் விளக்கின் வெளிச்சம் அதன்மேல் விழுந்து ஒன்றும் செய்யாமல் திரும்பி வந்தது.

அயனியைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கன்யாகுமரிப் பக்கத்துக்காரர்களுக்கு அது பலாவின் காட்டுச் சொந்தக்காரன், ஆனால் பலாவைப்போல வீட்டோடு ஒட்டிக் கிடக்காமல் ஒரே குச்சியாக வானத்துக்குப் போகிற மரம். தண்ணீரில் கிடந்தாலும் அழுகாது என்று வள்ளம் செய்வார்கள், கறையான் வாய் வைக்காது என்று கதவும் உத்திரமும் நெல்லுப் பத்தாயமும் செய்வார்கள். கைக்கு அடங்குகிற அதன் பழத்தைப் பிள்ளைகள் தின்பார்கள், கொட்டையை வறுத்துப் பெரியவர்கள் கொறிப்பார்கள், திரிதிரியாகத் தொங்கும் பூவை உலர்த்தி மாட்டுத் தொழுவத்தில் கொளுத்தி வைத்தால் கொசு அண்டாது. கோயில் கொடைத் திருவிழாவில் வெடிக்குத் தீ வைப்பதும் அந்தத் திரியால்தான். அவ்வளவு உபயோகமான மரத்தை ஓர் ஊர் எத்தனை நாள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். போன மழையில் அது பாதைப் பக்கமாகச் சாய்ந்துவிட்டது என்று ஒரு காரணம் கிடைத்ததும், கோயிலுக்கு நடைக்கதவு, ஆற்றைக் கடக்க வள்ளம், பக்கத்து வீட்டு ரோசம்மாவுக்குக் கட்டில், இன்னாருக்குப் பத்தாயம், இன்னாருக்கு உத்திரம் என்று நிற்கிற மரத்தையே பங்கு போட்டுவிட்டார்கள். தவசிலிங்கம் எதுவும் கேட்கவில்லை. கேட்பது அவருக்கு வராது.

அவருக்கு வருவதெல்லாம் விளிப்பதுதான். விளிப்பது என்றால் அந்தப் பக்கத்தில் அழைப்பது. விடியும் முன்னே ரப்பர் பால் வெட்டப் போய்ச் சூடேறும் நேரத்தில் திரும்பி வரும் மனுஷன், வழியில் எதிர்ப்படுகிற அத்தனை பேரையும், அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களைக்கூட, வீட்டுக்கு வந்து ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டுப் போகச் சொல்வார். ஓட்டுக் கேட்க வந்தவர்களை உட்காரவைத்துக் கிழங்கும் மீனும் போட்டு, எதிர்க்கட்சிக்காரர்கள் வந்தபோது அவர்களுக்கும் போட்டு, இரண்டு பக்கத்துக்கும் சந்தேகத்துக்கு ஆளானவர். கஞ்சி வைக்கிறவள் தாணம்மை. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம், முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லத் தெரியும், அவள் இல்லாவிட்டால் அந்த வீட்டில் பானை என்றைக்கோ கவிழ்ந்திருக்கும்.

மரம் வெட்டுவதற்கு ஒரு முறை உண்டு. முதல்நாள், மரத்துக்கு மிக அருகில் இருக்கிற வீட்டுக்காரர் குளித்து, மஞ்சள்நீரும் பொரியும் அடிமரத்தில் வைத்து, அதில் குடியிருக்கிற கண்ணுக்குத் தெரிந்தவர்கள் தெரியாதவர்கள் எல்லோரையும் கும்பிட்டு, இந்த இடம் நாளைக்கு இல்லை, நீங்கள் காவுக்குப் போய் இருந்துகொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். காவு என்பது ஆற்றோரத்தில் சாமிக்கென்று விட்டுவைத்த காடு. போங்கள் என்று மட்டும் சொன்னால் போதாது, போக ஓர் இடம் சொல்லியாக வேண்டும். அருகில் இருந்த வீடு தவசிலிங்கத்தின் வீடு.

சுவரில் கிளை படர்ந்த அன்று மாலை, தாணம்மை அவரை அடுக்களைக்குள் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"நேத்து அங்க நிண்ணு என்ன சொன்னிய?"

"சொல்ல வேண்டியதத்தான்."

"காவுக்குப் போங்கன்னு சொன்னியளா?"

அவர் பால் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். "காவு எங்க இருக்கு தாணம்மே? அத வெட்டி ரப்பர் வச்சு எவ்வளவு காலமாச்சு. நான்தானே தெனமும் அங்க போயி பால் வெட்டுகேன். ரெண்டு கையயும் கூப்பிக்கிட்டு நிண்ணு, இல்லாத எடத்துக்குப் போங்கன்னு சொல்ல எனக்க நாக்கு எழும்பல்ல."

"பின்ன?"

"நம்ம வீட்டுக்கு வாருங்கோன்னு சொல்லிட்டேன்."

தாணம்மை கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். மரத்தில் யார் யார் இருந்தார்கள், எத்தனை காலமாக இருந்தார்கள், என்ன தின்றார்கள் என்று எதுவுமே தெரியாமல் அத்தனை பேருக்கும் வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்து நிற்கிற மனுஷனை என்ன செய்வது என்றும் தெரியவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தால் திட்டவும் வரவில்லை. மகள் செவ்வந்தியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அன்றிரவு முழுக்க அடுக்களையை விட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஊர்க்காரர்கள் முதலில் வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்கள். பிறகு முற்றம்வரை வந்தார்கள். பிறகு சித்திரை வெயில் வந்தது, பாயோடு வந்தார்கள். மரத்தடி இல்லாமல் குளக்கரை அடுப்பாக எரிந்த அந்த மாதத்தில், ஊரில் குளுமையான இடம் தவசிலிங்கத்தின் முன்னறை ஒன்றுதான், அதுவும் அவர் வீட்டில் உள்ளே வராதே என்று சொல்ல ஆள் கிடையாது. பெண்கள் பீடி சுற்றுகிற முறத்தோடு வந்தார்கள், ஆண்கள் பத்திரிகையோடு வந்தார்கள், சாமிக்கு நேர்ந்துவிட்ட ஆடுகூட வந்து மூலையில் படுத்துக்கொண்டது. மரத்தை அறுத்துக் கதவும் கட்டிலும் செய்த கேசவன் ஆசாரி, அயனி நிழல் உடம்புக்கு நல்லதாக்கும் என்று அடித்துச் சொன்னார். அந்த மரத்தில் செய்த எதற்குமே நிழல் விழவில்லை என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. அதற்கும் ஆளாளுக்கு ஒரு நல்ல அர்த்தம் வைத்திருந்தார்கள். வள்ளத்துக்கு அடியில் நிழல் இல்லாததால் மீன் மிரளாமல் பக்கத்தில் வருகிறது என்றார் ஒருவர். நடைக்கதவுக்கு நிழல் இல்லாததால் கோயிலுக்குள் காலையிலேயே வெளிச்சம் வந்துவிடுகிறது என்றார் பூசாரி. அந்தக் கட்டிலில் படுத்தால் கனவே வருவதில்லை, நிம்மதியான உறக்கம் என்றாள் ரோசம்மா. ஊர் என்றால் அப்படித்தான், தலைக்குமேல் எது வந்து நின்றாலும் அதன்கீழே பாயை விரிக்கிற சாமர்த்தியம் அதற்கு உண்டு.

தாணம்மை மட்டும் பாய் விரிக்கவில்லை. பகல் முழுக்க அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் மற்றவர்கள் பார்க்காததைப் பார்த்தாள். அந்த நிழலுக்குள் வேறு நிழல்கள் இருந்தன. முன்பு மரத்தில் தலைகீழாகத் தொங்கிய பழந்தின்னி வவ்வால்கள் எப்போதோ வேறு மரம் பார்த்துப் போய்விட்டன, ஆனால் அவற்றின் நிழல்கள் உச்சிக் கிளைகளில் பைபையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அந்தி கருக்கும்போது அவை அத்தனையும் ஒரே நேரத்தில் உதறிக்கொண்டு எழுந்து, சத்தமே இல்லாமல் மச்சைக் கடந்து, கூரை வழியாக மலைப் பக்கம் போயின. விடியும் முன்னே திரும்பி வந்தன. வவ்வால் அல்லாத வேறு சிலரும் கிளைகளின் கவட்டில் இருந்தார்கள். உற்றுப் பார்த்தால் அங்கே யாரும் இல்லை, பார்வையை எடுத்தால் யாரோ கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது தெரியும்.

முதலில் போனது ஒரு கோழி. மேற்குப் பார்த்த வீடு அது, மாலை வெயில் நேராக வாசலுக்குள் வந்து எதிர்ச் சுவரில் விழும், வாசலில் நிற்கிற எதன் நிழலும் மரத்தின்மேல் போய்ப் படும். அவளுடைய செம்மறைக் கோழி வாசலில் நின்று கொத்திக்கொண்டிருந்தபோது அதன் நிழல் கீழ்க்கிளையில் உட்கார்ந்ததுபோல் தெரிந்தது. கோழி இறங்கிப் போனது, நிழல் கிளையிலேயே இருந்தது. அடுத்தடுத்த நாட்களில் அது கிளைக்குக் கிளை மேலே ஏறியதையும், கோழி வெயிலில் தரையில் ஒன்றுமே விழாமல் நடந்ததையும், தவிட்டைப் போட்டால் தவிட்டைத் தெரியாமல் நின்றதையும் அவள் பார்த்தாள். நிழல் உச்சியைத் தொட்ட அந்தியில், வவ்வால்கள் எழுந்தபோது அதுவும் கூட எழுந்தது. அதே கணத்தில் முற்றத்தில் நின்ற கோழி மலைப் பக்கமாகத் திரும்பி நடக்கத் தொடங்கியது. ஓடவில்லை, பறக்கவில்லை, யார் கூப்பிடுகிறார்களோ அவர்களிடம் போவதுபோல நேராக நடந்து, குளத்தில் இறங்கி, மறுகரையில் ஏறி, நனைந்த இறக்கையை உதறக்கூட இல்லாமல் போய்விட்டது. கீரி பிடித்திருக்கும் என்றார்கள் எல்லோரும்.

"அந்திக்கு வாசல்ல நிக்கப்பிடாது, கேட்டியா மக்களே?" என்று செவ்வந்தியிடம் நூறுதடவை சொன்னாள். சொன்னதுதான் தப்போ என்னவோ, ஊர்ப் பிள்ளைகளுக்கு அதுவே விளையாட்டாகிவிட்டது. மாலையில் வாசலில் வந்து நின்று, கையைக் காலை வளைத்து, தங்கள் நிழலைக் கிளையில் உட்காரவைத்து, நான் ஏறிட்டேன் நான் ஏறிட்டேன் என்று கூவிவிட்டு ஓடினார்கள். ஓடும்போது நிழலும் கூடவே ஓடி வந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, தாணம்மைதான் விளக்குமாறோடு வந்து விரட்டிக்கொண்டிருந்தாள். அவள் தண்ணீர் கோரப் போயிருந்த ஒரு மாலையில் செவ்வந்தி உட்காரவைத்த நிழல் மட்டும் அவளோடு ஓடி வரவில்லை.

குடத்தோடு வந்தவள் சுவரைப் பார்த்தாள். கீழ்க்கிளையில் இரட்டைச் சடையோடு ஒரு நிழல் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது. கீழே செவ்வந்தி சிரித்துக்கொண்டு நின்றாள், அவள் காலடியில் ஒன்றும் இல்லை. குடம் எப்போது கையை விட்டது என்று தாணம்மைக்குத் தெரியாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் வெயிலில் நிறுத்தினாள், விளக்குமுன் நிறுத்தினாள், கன்னத்தில் ஒன்று வைத்தாள், உடனே கட்டிக்கொண்டு அழுதாள். பிள்ளை அழவில்லை. அடித்தது அவளுக்கு வலித்ததாகவே தெரியவில்லை.

அதற்குப் பிறகு அந்த நிழல் தினமும் கொஞ்சம் மேலே போயிற்று, வவ்வால்கள் எழும் அந்தியில் பிள்ளையின் உடம்பு மலைப் பக்கமாகத் திரும்ப, தாணம்மை அவளைப் பிடித்துக்கொண்டாள். கொதிக்கிற மணலில் செவ்வந்தி வெறுங்காலோடு நின்றாள், சுடவில்லை என்றாள். தாகம் என்று கேட்கவில்லை, பசி என்று கேட்கவில்லை, வாயில் ஊட்டினால் மென்றாள். ஒருநாள் அடுக்களையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, "அம்மா, இங்கேருந்து பாத்தா ஆறு தெரியுது, வள்ளம் போவுது," என்றாள். ஆறு அங்கிருந்து எத்தனையோ தூரத்தில், தென்னைக்கும் பாறைக்கும் அந்தப் பக்கம். தாணம்மை ஊட்ட எடுத்த சோற்றைத் திரும்பத் தட்டில் வைத்தாள். அப்போது அவள் பயந்த பயத்தை எழுத்தில் வைக்க முடியாது, பிள்ளை பெற்றவர்கள் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஊர் கூடியது. கூடியதும் அதே நிழலின் கீழேதான், வேறு இடம் கொதித்தது. கேசவன் ஆசாரி எழுந்து, "தவசி, நீ விளிச்சாக்கும் வந்தது. நீயே வேற ஒரு எடத்தச் சொல்லு, போயிரும்," என்றார்.

"எந்த எடத்தச் சொல்லட்டும் ஆசாரியே?" என்று கேட்டார் தவசிலிங்கம். "ஆராவது எங்க வீட்டுக்கு வரட்டும்னு சொல்லுங்க, நான் இப்பமே கைகூப்பிச் சொல்லுகேன்."

பத்தாயம் வாங்கியவர் பத்திரிகையை மடித்தார், பூசாரி கோயிலில் ஏற்கெனவே தெய்வம் இருக்கிறது என்றார், ஆசாரி தன் விரல் நகத்தைப் பார்த்தார். கடைசியில் பின்வரிசையிலிருந்து, அக்கரைக்காரர்களுடைய பனங்காட்டைச் சொன்னால் என்ன என்று ஒரு குரல் வந்தது.

"அடுத்தவன் வீட்டுக்கு நான் எப்பிடி விருந்து விளிப்பேன்?" என்றார் தவசிலிங்கம்.

"வேற எடத்துக்கு விளிச்சாலும் நிழல் போறது கிளையோடத்தானே," என்றாள் ரோசம்மா. அதுவரை அவள் செவ்வந்தியின் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "கிளையில பிள்ளை இருக்கு. முதல்ல பிள்ளைய இறக்கணும். மரத்துல ஏறின பிள்ளைய கீழ நிண்ணு விளிச்சா இறங்குமா? ஆராவது ஏறணும்."

அன்றைக்கு அதற்குமேல் கூட்டம் நடக்கவில்லை. ஒவ்வொருவராகப் பாயைச் சுருட்டிக்கொண்டு, வேலை கிடக்கு என்று சொல்லிக்கொண்டு போனார்கள். மறுநாள் யாரும் வரவில்லை, ஆடுகூட வரவில்லை. நிழலுக்கு உட்கார ஊர் இருந்தது, நிழலில் ஏற ஊர் இல்லை.

செவ்வந்தியின் நிழல் அதற்குள் மச்சின் நடுவைத் தாண்டிவிட்டது. இன்னும் ஒரு கிளையும் அதற்குமேல் கொஞ்சம் மெல்லிய கொம்பும்தான் மிச்சம், அதற்கப்புறம் வவ்வால்கள்.

"நான் ஏறுகேன்," என்றார் தவசிலிங்கம்.

"நீங்க ஏறாண்டாம்."

"நான்தானே வரச்சொன்னேன்?"

"அதுக்குத்தான் சொல்லுகேன். நீங்க போனா, அவிய இருங்கன்னு ஒரு வார்த்த சொல்லுவாவ, நீங்க இருந்திருவிய. பிள்ளையையும் பக்கத்துல இருத்திக்கிட்டு வர்த்தமானம் பேசுவிய. எனக்கு அந்த மரியாதையெல்லாம் கெடையாது."

அந்த நேரத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவள் முந்தானையை இடுப்பில் செருகினாள். ரோசம்மாவைக் கூப்பிட்டு, பிள்ளையைச் சுவரோடு சேர்த்து, குதிங்கால் சுவரில் படும்படி நிற்கவைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். வெயில் சாய்ந்து வாசலுக்குள் நீளமாக விழுந்ததும், போய் நடுவில் நின்றாள். அவளுடைய நிழல் சுவரில் ஏறிக் கீழ்க்கிளைவரை நீண்டது. இரண்டு கையையும் தூக்கி, நிழல்கை கிளையைப் பிடிக்கிற இடத்தில் வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓர் அடி பின்னால் எடுத்துவைத்தாள்.

இடுப்பிலிருந்து நிறைகுடத்தை யாரோ வாங்கிக்கொண்டதுபோல் இருந்தது. பாதத்தின் அடியில் தரை இருந்தது, ஆனால் அது வேறு யாருடைய பாதமோ. அவள் தரையில் உட்கார்ந்துகொண்டாள், உட்கார்ந்தபடியே மேலேயும் இருந்தாள். சிறு பிள்ளையில் முந்திரி மரமான கொல்லமாவில் ஏறி அண்டிப்பருப்பு பறித்தவள்தான், கை கால் மறக்கவில்லை, கவட்டுக்குக் கவடு காலை வைத்து ஏறினாள். கிளைகளில் இருந்தவர்கள் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். அடிக்கவில்லை, பிடித்திழுக்கவில்லை, கல்யாண வீட்டுப் பந்தியில் நெருக்கி உட்கார்ந்து இடம் தருவதுபோல நகர்ந்து நகர்ந்து இடம் தந்தார்கள். அவர்களிடம் கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சமாளிக்கத் தெரியும், இந்த அன்புதான் அவளைக் குலைநடுங்க வைத்தது.

மெல்லிய கொம்பில் பிள்ளையின் நிழல் உட்கார்ந்திருந்தது. அதற்குமேலே வவ்வால்கள் உதறத் தொடங்கிவிட்டன. தாணம்மை ஒரு கையால் கொம்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அதை வாரி இடுப்பில் வைத்தாள். சுவரைப் பார்த்து நின்ற ரோசம்மாவும் தவசிலிங்கமும் அதைப் பார்த்தார்கள், ஒரு பெண்ணின் நிழல் இடுப்பில் ஒரு குழந்தையோடு கிளை கிளையாகக் கீழே இறங்குவதை. வாசலில் வெயில் சிவந்து, சுருங்கி, படி அளவுக்கு ஆகிக்கொண்டிருந்தது. கீழ்க்கிளையில் அவள் குப்புறப் படுத்து, பிள்ளை நிழலின் இரண்டு கையையும் பிடித்துக் கீழே தொங்கவிட்டாள். எட்டவில்லை. ரோசம்மா செவ்வந்தியைத் தூக்கிப் பிடித்தாள். நிழலின் கால் பிள்ளையின் காலைத் தொட்டதும் தாணம்மை கையை விட்டாள்.

"வலிக்குது," என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அலறினாள் செவ்வந்தி. என்றைக்கோ விழுந்த அடிக்கு அன்றைக்கு அழுதாள். பிறகு தண்ணீர் கேட்டாள், சோறு கேட்டாள், மறுபடி தண்ணீர் கேட்டாள். ரோசம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவள் அழுத அழுகையை அந்த வீட்டில் எல்லோரும் பாட்டுக் கேட்பதுபோல் கேட்டார்கள்.

அதற்குள் வாசல்படியிலிருந்து வெயில் போய்விட்டது. இறங்க வெளிச்சம் இல்லை. வவ்வால்கள் எழுந்தன, கீழே உட்கார்ந்திருந்த தாணம்மையின் உடம்பு அவளைக் கேட்காமலே எழுந்து மலைப் பக்கம் திரும்பியது. மேலே அவள் கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தாள், கீழே தவசிலிங்கம் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தார். வவ்வால்கள் கூரையைக் கடந்து போகும்வரை பிடித்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் மாலை வெயிலில் அவள் எத்தனையோ விதமாக நின்று பார்த்தாள், கிளையில் கிடந்தது கீழே வரவில்லை. பிள்ளையை எடுத்துக்கொடுக்க அவள் இருந்தாள், அவளை எடுத்துக்கொடுக்க ஒருவர் வேண்டும். தவசிலிங்கம் வாசலில் போய் நின்றார். ரோசம்மா நின்றாள். இத்தனை நாளும் தலைகாட்டாத கேசவன் ஆசாரிகூட, யாரும் கூப்பிடாமலே வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "நான் ஏறுகேன் தாணம்மே," என்றார்.

"பின்ன ஒங்கள இறக்க ஆரு ஏறுவா ஆசாரியண்ணே?" என்றாள். "அவரை இறக்க இன்னொருத்தரு. இது எனக்கிட்ட நிக்கட்டும். ஏறாம இருந்தா ஒண்ணுமில்ல, நான் கீழ்க்கிளையில இருந்துக்கிடுகேன்."

அப்படித்தான் அது வழக்கமாயிற்று. அந்தியானால் செவ்வந்தி ரோசம்மா வீட்டுக்குப் போவாள், தவசிலிங்கம் வந்து தாணம்மையின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொள்வார். அவருக்குக் காய்ச்சல் வந்தால் ஆசாரி வருவார், ஆசாரிக்கு வேலை இருந்தால் பூசாரியின் மனைவி வருவாள். ஊர் மறுபடியும் பாயோடு வந்தது, இந்தத் தடவை கொஞ்சம் வெட்கத்தோடு வந்தது, வரும்போது ஒரு சீப்பு பழமோ ஒரு கூறு மீனோ கொண்டுவந்தது. வவ்வால் போகிற நேரம் என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். வவ்வால் போனதும் வருகிறேன் என்று சொல்லி ஆட்கள் கடைக்குப் போனார்கள், வவ்வால் போகும் முன் பாலைக் கறந்தார்கள், வெளியூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண்களுக்கு, நம்ம தாணம்மைக்க நிழல் மரத்திலாக்கும் என்று சாதாரணமாகச் சொன்னார்கள். அவளைப் பார்த்தால் யாருக்கும் பயம் இல்லை. சமைத்தாள், துவைத்தாள், ஊட்டினால் சாப்பிட்டாள், முன்னைப்போல வாய் நீட்டுவது மட்டும் குறைந்திருந்தது.

அவளுக்குப் பயம் இருந்தது. முதலில் அது விழுந்துவிடுவோமோ என்ற பயம், பிறகு வவ்வால்களைப் பற்றிய பயம். ஆனால் மேலே வெயில் இல்லை. புகை இல்லை, அரிசி இல்லை, நாளைக்கு என்ன செய்வது என்பது இல்லை. ஆறு தெரிந்தது, ஆற்றில் நிழலில்லாத வள்ளம் மீன்களுக்கு நடுவே போவது தெரிந்தது, மலை அடுக்கடுக்காகத் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை, வா என்றும் சொல்லவில்லை, ஒவ்வொரு நாளும் தங்களுக்குமேலே ஒரு சின்ன இடத்தைக் காலியாக வைத்திருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தாள்.

ஆவணியில் ஒரு மாலை, ரோசம்மாவின் முற்றத்தில் செவ்வந்தி பலாச்சுளை தின்றுகொண்டு எதற்கோ சிரித்தாள். தாணம்மை அந்தச் சிரிப்பைக் கேட்டாள், பார்த்தாள். பிள்ளையின் உச்சி வகிடு தெரிந்தது. கீழ்க்கிளையிலிருந்து ரோசம்மாவின் முற்றம் தெரியாது, இடையில் கூரை மறைக்கும். அவள் சுவரைப் பார்த்தாள். கீழ்க்கிளை காலியாக இருந்தது. மச்சின் நடுவையும் தாண்டி, அன்று செவ்வந்தி உட்கார்ந்திருந்த மெல்லிய கொம்பில், தாணம்மையின் நிழல் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது. எப்போது ஏறினாள் என்று எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. யாரும் இழுத்த ஞாபகம் இல்லை. கையில் வலி இல்லை, மனசில் ஒரு சுமை இல்லை, நல்ல உறக்கத்திலிருந்து எழுந்ததுபோல் சுகமாக இருந்தது, அந்தச் சுகத்துக்குத்தான் அவள் பயந்தாள்.

தவசிலிங்கம் வழக்கம்போல் கால் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சுவரை அவர் பார்க்கவில்லை, தினமும் பார்த்துப் பார்த்து பார்ப்பதை விட்டுவிட்டார். பால்கறை படிந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, வழியில் யாரைப் பார்த்தேன் என்ன பேசினேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே கருக்கத் தொடங்கியது. உச்சியில் முதல் வவ்வால் உதறியது.

"கேட்டியளா," என்றாள் தாணம்மை. "இண்ணைக்குக் கொஞ்சம் இறுக்கிப் பிடியுங்க."